ரெண்டு ஏழு

அந்தக் காது மருத்துவமனையின் வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறொரு பெயர் இருக்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை. எல்லோருக்கும் அவர் என்னண்ணன். யார் வந்து எதைச் சொன்னாலும் முதலில் "என்ன?" என்பார், இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் பதில் வரும். கூரை இடிந்து விழுகிறது என்று ஓடிவந்து சொன்னாலும் அந்த "என்ன?" கட்டாயம் உண்டு. பெயரைக் கட்டிவிட்டவள் வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கும் வரவேற்புப் பெண். கட்டிவிட்டு ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்தாள். அவரோ ஒரு தாளில் அதே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தன் அறைக் கதவில் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு கேலியில் யாருக்கும் ருசி இல்லாமல் போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மருத்துவமனையின் கணினிகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் அவர் அங்கே வேலைக்கு என்று வந்தவர் அல்ல, நோயாளியாக வந்தவர். இருபத்தேழு வயதில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு காதையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இரண்டு வருடம் சத்தமே இல்லாத வாழ்க்கை. அந்த இரண்டு வருடத்தில்தான் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு இங்கே அறுவை செய்து தலைக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள வெளிக்கருவி ஒன்று. வெளிக்கருவி சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்பும், உள்ளே இருப்பது நரம்பைத் தட்டி எழுப்பும்.

அதற்கு அளவு எடுக்க வேண்டும். சட்டைக்கு எடுப்பதுபோல் ஒரே தடவையில் முடிகிற அளவு அல்ல. உள்ளே இருபத்திரண்டு சிறு கம்பிகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் போனால் கேட்கும், எவ்வளவு போனால் வலிக்கும் என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்கிற அம்மையாரை மருத்துவமனையில் அளவம்மா என்பார்கள். முதல் அளவில் உலகமே தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் கேட்டது. மனைவியின் குரல் மனைவியின் குரலாகக் கேட்க நான்கு வருடம் ஆயிற்று. அந்த நான்கு வருடத்துக்கு நடுவில்தான் ஒருநாள் அளவம்மாவின் கணினி நின்றுபோனது. கணினி பழுதுபார்ப்பவராக இருந்த இவர், தலையில் ஒயர் தொங்கத் தொங்க எழுந்து வந்து அதைச் சரிசெய்தார். அடுத்த முறையும் அப்படியே நடந்தது. மூன்றாம் முறை அவருக்கென்று ஒரு நாற்காலியும் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஓர் அறையும் கொடுத்துவிட்டார்கள். பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

அவர் தலைக்குள் இருப்பது பழைய மாடல். அந்த ஊரில் அந்த மாடலைச் சுமந்துகொண்டு திரிகிறவர்கள் மொத்தம் பதினொரு பேர். அளவெடுக்கும் மென்பொருளும் பழையது, பழைய இயங்குதளத்தில் மட்டுமே ஓடும். புதிய கணினிகள் அந்த இயங்குதளத்தை வாசற்படி ஏறவிடுவதில்லை. எனவே என்னண்ணன் ஒரு வேலை செய்தார். புதிய கணினிக்குள் மென்பொருளால் ஆன இன்னொரு கணினியை உண்டாக்கி, பழைய இயங்குதளத்தை அதற்குள் குடிவைத்தார். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். மருத்துவமனையில் அதற்குப் பெயர் பெட்டிக்குள் பெட்டி. உள்பெட்டிக்கு உடம்பு கிடையாது. ஆனால் தனக்கும் உடம்பு இருக்கிறது, தனக்கென்று ஓர் அடையாள எண் இருக்கிறது என்று அது மனதார நம்பும். பதினொரு பேருடைய அளவும் அதற்குள்தான். அந்தக் கோப்புகளை வெளியே எடுத்து வைத்தாலும் வேறெந்த மென்பொருளாலும் படிக்க முடியாது.

என்னண்ணனுக்கு இன்னொரு குணம் உண்டு. மென்பொருள் போடும்போது நாற்பது பக்கத்துக்கு உரிம ஒப்பந்தம் ஒன்று வருமே, நாமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துவோமே, அதை முழுக்கப் படிப்பவர் அவர். உலகத்தில் இப்படி எத்தனை பேர் இருப்பார்களோ, நான் பார்த்தது இவர் ஒருவரைத்தான். பழைய இயங்குதளத்தின் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நகல்தான் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. ஆகவே ஒன்றுக்கு மேல் அவர் வைத்துக்கொண்டதே இல்லை.

ஒருநாள் அவருடைய வெளிக்கருவி தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. துடைத்தார், காயவைத்தார், பேட்டரியை மாற்றிப் பார்த்தார். அது போனது போனதுதான். உலகம் மறுபடி வாயை மூடிக்கொண்டது. அதே மாடலில் உபரிக் கருவி ஒன்று வெளியூர் மருத்துவமனையில் இருப்பதாகவும் பார்சலில் அனுப்புவதாகவும் தகவல் வந்தது. வந்ததும் அவருடைய அளவை அதில் ஏற்றினால் போதும். மனைவியோ அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். கதவு மணிக்கும் போனுக்கும் வீட்டில் ஒரு காதாவது வேண்டாமா என்று தன் அம்மாவை அனுப்பிவைத்தாள். மாமியார் மறுநாளே பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்.

காது கேளாமல் வேலைக்கு வந்து என்ன செய்வது? போன் எடுக்க முடியாது, நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கவும் அவரால் முடியாது. பெட்டிக்குள் பெட்டி இருந்த அளவம்மாவின் கணினி கொஞ்ச நாளாக இரைத்துக்கொண்டிருந்தது. அதை மாற்ற இதைவிட நல்ல சமயம் ஏது என்று ஒரு திங்கட்கிழமை உட்கார்ந்தார். பெட்டிக்குள் இருந்த பெட்டியைப் புதிய கணினிக்கு எடுத்துப் போட்டார். முதல் தடவை திறந்தபோது திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்தப் பெட்டியை இங்கே நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா?

வேறு யாராக இருந்தாலும் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். என்னண்ணன் யோசித்தார். பழைய கணினியில் ஒன்று இன்னும் இருக்கிறது, இங்கே ஒன்று இருக்கிறது. அப்படியென்றால் நகல்தானே? 'நகலெடுத்தேன்' என்று உள்ளதை உள்ளபடி அழுத்தினார். எல்லாம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு, ஒப்பந்தப்படி பழையதை அழித்தார். அழித்த நிமிடத்தில் அது நகர்த்தியதாகத்தான் ஆகிவிட்டது. ஆனால் வாக்குமூலம் முன்பே கொடுத்தாயிற்று.

நகல் என்று சொன்னால் உள்பெட்டியை ஓட்டுகிற மென்பொருள் என்ன செய்யும் தெரியுமா? நகலும் அசலும் ஒரே அடையாளத்தோடு திரியக் கூடாது என்று உள்பெட்டிக்குப் புதிய அடையாள எண் கொடுத்துவிடும். பழைய இயங்குதளம் கண்ணைத் திறந்து பார்த்தது. உடம்பு வேறாக இருந்தது. 'இது என் வீடு இல்லை, என்னை யாரோ திருடிக்கொண்டு வந்துவிட்டார்கள்' என்று அதற்குப் பட்டுவிட்டது. மூன்று நாளுக்குள் உரிமத்தை உறுதிசெய்யுங்கள் என்று ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் கேட்டது. நாற்பது பக்கத்தை வரி விடாமல் படித்தவர் அந்த ஒரு வரியை மட்டும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை பார்சல் வந்தது. உபரிக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு வாயெல்லாம் பல். அன்று மாமியாரும் கூடவே வந்திருந்தார். காது திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்று சொல்லியிருந்தார். அளவம்மா உட்கார்ந்து பெட்டிக்குள் பெட்டியைத் திறந்தார். திறக்கவில்லை. இந்தப் பிரதியின் உரிமம் உறுதிசெய்யப்படவில்லை, உள்ளே போக முடியாது என்றது திரை.

என்னண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தன் ஒரு காது மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை. இன்னும் பத்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், ஒருத்தி கைக்குழந்தைக்காரி. நாளைக்கு அவர்கள் கருவிக்கு ஏதாவது ஆனால் அவர்களுக்கும் இதே கதிதான். எல்லோருடைய அளவையும் உள்ளே வைத்துப் பூட்டியது அவருடைய கை. பழைய அளவு போனால் மறுபடி தகரச் சத்தத்திலிருந்து தொடங்கி நான்கு வருடம். அதுவும் அந்த மென்பொருள் திறந்தால்தானே?

முதலில் அவர் உள்பெட்டியின் தேதியைப் பார்த்தார். தேதி பிசகினால் உரிமம் முரண்டு பிடிக்கும். தேதி சரியாக இருந்தது. இணையம் வழியாக உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தினார். அந்தப் பக்கம் பதில் சொல்ல வேண்டிய சர்வரை நிறுத்தி வருடக்கணக்காகிறது. உள்பெட்டியின் பழைய பதிவுக் கோப்பு ஒன்று அதிர்ஷ்டவசமாகக் கூடவே வந்திருந்தது. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்ததில் பழைய அடையாள எண் கிடைத்தது. அதை இருந்த இடத்திலேயே திரும்ப எழுதினார். இப்போது வீடு அதே வீடு. ஆனாலும் இயங்குதளத்துக்கு வந்த சந்தேகம் போகவில்லை. நேரில் யாராவது வந்து சொன்னால்தான் நம்புவேன் என்கிற ஆளைப்போல் போன் செய்யச் சொன்னது.

கணக்குப் பிரிவுக்காரர் எட்டிப்பார்த்து ஒரு யோசனை சொன்னார். இணையத்தில் இதற்கெல்லாம் சாவி கிடைக்கிறதாம், ஐந்து நிமிட வேலையாம். என்னண்ணன் அவர் உதட்டைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பதினோரு பேரோட காது இருக்கிற பெட்டி இது. இதுக்குத் திருட்டுச் சாவி போட மாட்டேன்" என்றார். கணக்குப் பிரிவுக்காரர் வந்த வழியே போய்விட்டார்.

போன் செய்வதென்றால் வழிமுறை இதுதான். திரையில் தெரியும் நீளமான எண்ணை உரிம உதவி மையத்தில் வாசிக்க வேண்டும். அவர்கள் பதிலுக்கு ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி சொல்வார்கள். அதைக் கேட்டுத் தட்டினால் கதவு திறக்கும். காது வேண்டுமென்றால் போன் பேச வேண்டும், போன் பேச வேண்டுமென்றால் காது வேண்டும். இந்த அநியாயத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வரவேற்புப் பெண் ஓடிவந்தாள். திரையில் இருந்ததை வாசித்தாள், அந்தப் பக்கம் சொன்னதைத் தாளில் எழுதினாள். என்னண்ணன் தட்டினார். தவறான எண் என்றது திரை. மறுபடி போன், மறுபடி எழுத்து, மறுபடி தவறு. ஒவ்வொரு தொகுதியிலும் ஆறு இலக்கம் நூல் பிடித்தமாதிரி இருந்தன. எங்கே பிசகு என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு முறையும் தவறானால் இந்த எண்ணை முடக்கிவிட வேண்டியிருக்கும், எழுத்தில் விண்ணப்பித்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள். கீழே நோயாளிகள் வரிசை கட்டி நின்றார்கள். வரவேற்புப் பெண் கலங்கிய கண்ணோடு இறங்கிப் போனாள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார் அப்போதுதான் உள்ளே வந்தார். அவரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அந்த உத்தியோகத்துக்குத்தான், வாய்க்கு அல்ல. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை பேசுவார். வீட்டில் அதைப் பற்றி முணுமுணுக்காதவர்கள் கிடையாது. அவர் வந்து மேசைமேல் கிடந்த தாளை எடுத்துத் தூரத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தார். என்ன சிக்கல் என்று கேட்டார். என்னண்ணன் சொன்னார்.

மாமியார் நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிறமாதிரி உட்கார்ந்தார். "போனைக் குடுங்க மாப்பிள்ளை. எழுதுற வேலையே வேணாம். நான் சொல்றேன், நீங்க என் வாயப் பாத்துத் தட்டுங்க" என்றார்.

திரையில் இருந்ததை என்னண்ணனே போனுக்குள் வாசித்தார். பேசுவதற்கு அவருக்கு என்ன தடை? வாய் அவருடையது, காது மாமியாருடையது. மையத்தில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு தன் எண்ணைத் தொடங்கினாள். மாமியார் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். நாலு. ஒன்பது. சுழி. உதடு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வடிவம் எடுத்து, நின்று, அடுத்ததற்குப் போயிற்று. அவ்வளவு தெளிவான உதட்டை என்னண்ணன் எங்கேயும் பார்த்ததில்லை. மூன்றாவது தொகுதியின் நடுவில் அந்த உதடு நின்றுவிட்டது.

"ஒரு நிமிஷம்மா. ரெண்டு ஏழுன்னு சொன்னீங்களே, அது ரெண்டு தடவை ஏழா? இல்ல ரெண்டு தனி, ஏழு தனியா?"

அந்தப் பக்கமிருந்து ரெண்டு தனி, ஏழு தனி என்று பதில் வந்தது. மாமியார் தாளைத் தட்டிக் காட்டினார். வரவேற்புப் பெண் அங்கே எழுபத்தேழு என்று எழுதியிருந்தாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. நாம் எல்லோரும் போன் நம்பரை அப்படித்தானே சொல்கிறோம், ரெண்டு ஏழு, ரெண்டு நாலு என்று? எப்படி எழுதினாலும் இரண்டு இலக்கம்தான் வருகிறது. அதனால் எண்ணிப் பார்த்தபோதும் தப்பு கண்ணில் படவில்லை. எக்ஸ்சேஞ்சில் அப்படிச் சொன்னால் மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்துவாராம். ஏழு வந்தால் ஏழு, மறுபடி வந்தால் மறுபடி ஏழு. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. மையத்துப் பெண்ணும் கோபித்துக்கொள்ளவில்லை. முதலிலிருந்து ஒவ்வோர் இலக்கமாக மறுபடி சொன்னாள். சாவகாசமாக, நாற்பத்தெட்டையும் சொன்னாள்.

கடைசி இலக்கத்தைத் தட்டிவிட்டு என்னண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டார். திரையில் வட்டம் சுற்றியது. அளவம்மா எழுந்து நின்றார். வட்டம் நின்றது, பழைய நீலப் பின்னணி எழும்பி வந்தது. பதினொரு பேரின் பெயர்களும் அகர வரிசையில் அங்கே இருந்தன.

என்னண்ணன் போனை வாங்கி, அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமலே, நன்றி நன்றி என்று மூன்று நான்கு தடவை சொன்னார். மையத்துப் பெண் 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா' என்று கேட்டதற்கும் நன்றி என்றாராம். மாமியார் பிறகு சொன்னார். என்னண்ணனுக்கு அன்று நினைவில் வந்த எல்லோர் மேலும், எல்லாவற்றின் மேலும் நன்றி பொங்கியது. உபரிக் கருவியைப் பார்சல் கட்டியவர், அந்தப் பழைய பதிவுக் கோப்பு, கலங்கிய கண்ணோடு இறங்கிப் போன பெண், திருட்டுச் சாவி சொன்ன கணக்குப் பிரிவுக்காரர்கூட. பாவம், அவரும் உதவத்தானே வந்தார்.

அளவை ஏற்ற இருபது நிமிடம் ஆயிற்று. அளவம்மா கருவியை அவர் காதுக்குப் பின்னால் மாட்டி ஒவ்வொரு கம்பியாகத் திறந்தார். முதலில் மின்விசிறி வந்தது. பிறகு நாற்காலிக் கால், பக்கத்து அறையில் யாரோ இருமுவது, தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி நகரும் ஓசை. எல்லாம் பழைய இடத்தில் பழைய குரலில். என்னண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அதற்கப்புறம் சோதனை. வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு சொற்களைச் சொல்வார்கள், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். உதட்டைப் பார்த்துச் சமாளிப்பவர்களைப் பிடிக்கத்தான் அந்தத் தாள். அளவம்மாவின் பட்டியல் அவருக்குப் பதினைந்து வருடமாக மனப்பாடம். ஆகவே அளவம்மா தாளை மாமியாரிடம் கொடுத்து, உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள் என்றார்.

மாமியார் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஜன்னல் என்றார். ஜன்னல் என்றார் இவர். செருப்பு. செருப்பு. பேருந்து நிலையம். பேருந்து நிலையம். அளவம்மா ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார். பிறகு கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. கருவிதான் நின்றுவிட்டதோ என்று என்னண்ணன் காதைத் தொட்டுப் பார்த்தார். அப்போது தாளுக்குப் பின்னாலிருந்து குரல் தணிந்து வந்தது.

"மாப்பிள்ளை, உங்களுக்குக் கேக்காது, வேகமா பேசினா வாயையும் படிக்க முடியாதுன்னு நெனச்சு, இந்தப் பத்து நாளா உங்க முன்னாடியே உங்களப் பத்தி போன்ல என்னென்னவோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அளவம்மாவின் பேனா நின்றது. சோதனையின் விதிப்படி என்னண்ணன் அதை வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை.

"அது அப்பவே தெரியும் அத்தை" என்றார். "உங்க வாய் அவ்வளவு தெளிவு. எவ்வளவு வேகமா பேசினாலும் படிச்சிடலாம்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான். வாளில போட்டு உடைச்சுட்டு முழிச்சிட்டு உக்காந்திருக்காருன்னு முதல் நாள் சொன்னீங்க. என் பொண்ணு தலையெழுத்துன்னு சொன்னீங்க. நாலாவது நாள் உங்க தங்கச்சிகிட்ட இன்னொண்ணும் சொன்னீங்க. 'என் காது ரெண்டுல ஒண்ணக் கழட்டிக் குடுக்க முடியும்னா இப்பவே குடுத்துடுவேன்'னு." அவர் குரல் கரகரத்தது. அந்தக் கரகரப்பும் அவருக்கே கேட்டது. "அதுக்கு அன்னைக்கே நன்றி சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல அத்தை."

தாள் கீழே இறங்கவில்லை. மாமியார் அதை முகத்துக்கு முன்னால் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அளவம்மா பட்டியலை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாளுக்குப் பின்னால் மெல்ல மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. என்னண்ணனுக்கு அது நன்றாகக் கேட்டது.